ஷிரானே பிரபுவின் நீண்ட ஊர்வலம்

முன்னொரு காலத்தில் ஜப்பான் தேசத்தில், ஷிரானே என்ற சின்னஞ்சிறு நாட்டை நவோதானே என்ற பிரபு ஆண்டுவந்தார். எவ்வளவு சின்ன நாடு என்றால், அரண்மனைக் குதிரை தும்மினால் அடுத்த நாட்டுக்காரன் "தீர்க்காயுசு!" என்று வாழ்த்துவான்.

அக்காலத்தில் பிரபுக்கள் ஓராண்டு சொந்த நாட்டிலும், மறு ஆண்டு தலைநகர் எடோவில் மேலரசரான ஷோகனின் கண்பார்வையிலும் இருக்கவேண்டும். பரிவாரத்தோடு ஊர்வலமாகத்தான் போவார்கள். போன ஆண்டு நவோதானே எடோவிலிருந்து திரும்பும் வழியில் மிசுமி ஊர்ச் சத்திரத்தில் தங்கினார். எடோவுக்குப் போன இகாவா நாட்டுப் பிரபுவின் ஊர்வலம் அவர் கண்முன்னே காலையில் தொடங்கி உச்சிவேளைவரை போனது. அன்றைக்குப் பிடித்தது அவருக்கு வயிற்றெரிச்சல்.

இந்த ஆண்டு அவர் புறப்படும் முறை.

"இப்போது இகாவா பிரபு ஊர் திரும்புகிறார். அதே சத்திரத்தில் இருப்பார். என் ஊர்வலம் பொழுது சாயும்வரை போகவேண்டும்!" என்றார் சபையில்.

படைத்தலைவர் தோராமொன் துள்ளி எழுந்தார். "உழவர்களை எல்லாம் பிடித்து, கையில் ஈட்டியைக் கொடுத்து நடக்கவிடுவோம், பிரபு!"

அமைச்சர் கென்பெய் பதறிப்போனார். "ஐயோ, இது நடவு காலம். நாற்று முற்றிப்போனால் ஊரே பட்டினி கிடக்கும்."

"அப்படியானால் இருக்கிற ஆட்களை வைத்தே நீர் நடத்திக்காட்டும். பொழுது சாயுமுன் முடிந்துபோனால் உழவர்களைப் பிடித்து எடோவரை நடக்கவிடுவேன்; உம் பதவியும் தோராமொனுக்கு!"

மிசுமிச் சத்திரத்துக்குப் பின்னால் ஒரு மூங்கில் குன்று உண்டு. கென்பெய் என்ன செய்தார்? சத்திரத்துக்கு முன்னால் கடைத்தெரு வழியாகப் போன ஊர்வலத்தைக் குன்றின் மறைவில் திருப்பி, மேலங்கிகளையும் கொடிகளையும் மாற்றச் சொல்லி, மறுபடி கடைத்தெருவுக்கே அனுப்பினார். பிரபுவின் பல்லக்கு கடைசிச் சுற்றுக்காகக் காத்திருந்தது. எல்லோரும் வேஷம் மாற்றினார்கள். தோராமொன் மட்டும் தம் கொம்புத் தலைக்கவசத்தைக் கழற்ற மறுத்துவிட்டார். குட்டு வெளிப்பட்டால் அமைச்சர் பதவி தமக்கு என்ற ஆசை.

சூரியன் சாய்ந்தது. இகாவா பிரபு சத்திரத்திலிருந்து நவோதானேவையும் அமைச்சரையும் படைத்தலைவரையும் தேநீருக்கு அழைத்தார்.

"பிரமாதமான ஊர்வலம்! ஒன்றுதான் புரியவில்லை. கொம்புக் கவசம் போட்ட தளபதிகள் நாலு பேர் போனார்கள். நாலு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே கடுகடுப்பு. அதெப்படி?"

நவோதானே கென்பெய் பக்கம் திரும்பினார். தோராமொன் மீசைக்குள் சிரித்தார்.

கென்பெய் நிதானமாக வணங்கினார். "ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள், பிரபு. பெற்றவள்தான் பாவம். அந்தக் கொம்புகளோடு எப்படித்தான் பெற்றாளோ!"

இகாவா பிரபு சிரித்த சிரிப்பில் தேநீர் மடியெல்லாம் சிந்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "குன்றை நாலு சுற்றா? போன வருஷம் நாங்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். கால் வலித்தது."

நவோதானே திருதிருவென்று விழித்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. ஓராண்டு வயிற்றெரிச்சலும் அதோடு போயிற்று.

"கென்பெய், உம் பதவி உமக்கே. நடவு முடியும்வரை ஒரு உழவனைக்கூட எவனும் தொடக்கூடாது. தோராமொன், பதவிக்காக என் மானத்தைக் கடைத்தெருவில் விற்கப் பார்த்தீரே! கவசத்தைக் கழற்றும். எடோவரை கென்பெய்க்குக் குடை பிடித்து நடந்து வாரும்."

அடுத்த தடவை இரண்டு பிரபுக்களும் ஷோகனிடம் அனுமதி வாங்கி, ஒரே சின்ன ஊர்வலமாக எடோவுக்குப் போனார்கள்.

"இத்துனூண்டு ஊர்வலம் யாருடையது?" என்று நகரத்தார் கேட்டார்கள்.

"இவருடையது!" என்று இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்களாம்.