இறங்கும் கோடும் ஏறும் தொந்தியும்

ஜமீன்தாரின் எடை தினமும் எவ்வளவு கூடுகிறது என்று அரண்மனை வைத்தியர் சுவரில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு இறங்கிக்கொண்டே வந்தது. "எஜமான் இளைத்துவிட்டார்!" என்று சொல்லி அவரிடம் பட்டுச் சால்வையும் பரிசாக வாங்கிவிட்டார்.

பிறகு வைத்தியர் தையற்காரர் மீரானிடம், "அளவெடுக்காதே. சுவரைப் பார்த்தே பிறந்தநாள் சட்டை தை. பொருந்தாவிட்டால் ஊரைவிட்டு ஓடு" என்றார்.

மீரான் பழைய சட்டையைவிடப் பெரிதாகத் தைத்தார். ஜமீன்தாருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"கோடு இறங்குதே, எப்படிய்யா?" என்று வைத்தியர் விழித்தார்.

"கோடு காட்டுறது எடையை இல்ல, அன்னன்னைக்குக் கூடினதை," என்றார் மீரான். "எஜமான் முந்தாநாள் மூணு வடை தின்னாரு, நேத்து ரெண்டு. வடை குறைஞ்சா வயிறு குறைஞ்சிடுமா? கோடு பூஜ்யத்துக்குக் கீழே போனாத்தானே இளைப்பாரு!"

சால்வை தோள் மாறியது. ஜமீன்தார் மெல்லக் கேட்டார்: "அப்போ இன்னைக்கு வடையே கிடையாதா?"

"ஒண்ணு சாப்பிடுங்க எஜமான். அதுக்கு இடம் விட்டுத்தான் தச்சிருக்கேன்."