சென்றாயன் தோட்டத்துச் சௌசௌக் கொடி

திண்டுக்கல் பாத்திரக்கடையை மூத்த மகனிடம் விட்டுவிட்டு, தாண்டிக்குடி மலையில் தோட்டவீடு கட்டிக் குடியேறியதிலிருந்து சென்றாயனுக்குத் தன் இரண்டு நாய்களைத் தவிர வேறு பேச்சில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மகள் இளவேனிக்கு முந்தி வந்த வரன் பாதிக் காப்பியோடு எழுந்து போனது. இன்று பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. "இன்னைக்கு ஒருநாள் நாயைப் பத்திப் பேசாதீங்கப்பா" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா சடையப்பன் பந்தலடியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "பங்குனிக்குச் செடியெல்லாம் நல்லாத் துளிர்த்திருக்கே. ஆள் வச்சிருக்கீங்களா?"

போச்சு, என்று நினைத்தாள் இளவேனி.

"ஆள் எதுக்கு? கறுப்பு நாய் மந்திரி குழி தோண்டுவான். செவலை நாய் துரை விதை போடுவான். நான் கட்டில்ல படுத்துக்கிட்டே வேலை வாங்குவேன்."

"நாய் எப்படிங்க விதை போடும்?"

"வாயிலதான். சொத்தை விதைன்னா துப்பிடுவான். போன வருசம் விதைக் கடைக்காரனையே கடிச்சிட்டான்."

சடையப்பன் தன் மனைவியைப் பார்த்தார். இளவேனி காப்பித் தட்டை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். அப்பா காதில் விழவில்லை.

"போன மாசம் சௌசௌக் கொடி நட்டோம். பக்கத்துலயே மந்திரி படுத்துத் தூங்கிட்டான். முழிச்சுப் பார்த்தா, இடுப்புல கொடி சுத்திப் பந்தல் மேல தொங்குறான். ஏணி வச்சு இறக்குறதுக்குள்ள கொடி வேலியைத் தாண்டி மலை இறங்கிடுச்சு. துரை பின்னாலயே துரத்திட்டுப் போனான். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுலதான் நுனியைக் கவ்விப் பிடிச்சான்."

"அங்கேருந்து திரும்பி எப்படி வந்துச்சு?"

"நான் இங்கேருந்து கொடியைச் சுருட்டினேன். மறுமுனையில துரையும், அவன்கிட்ட டிக்கெட் கேட்டுக்கிட்டே ஒரு கண்டக்டரும் வந்து சேர்ந்தாங்க."

சடையப்பன் எழுந்தார். இளவேனி அவருடைய காப்பி டம்ளரைப் பார்த்தாள்; பாதி மிச்சமிருந்தது. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் ஒரு கொடியா சம்பந்தி? எங்க கொல்லையில ஒரு வெண்டைக்காயைப் பிஞ்சுல பறிக்காம விட்டுட்டோம். இப்ப அதைக் கம்பமா நட்டுத்தான் ஊருக்குக் கரண்டுக் கம்பி போகுது. எங்க நாய் அதுல காலைத் தூக்கினா ரெண்டு தெரு இருட்டாயிரும்."

சென்றாயன் சடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே தேதி குறித்தார்கள்.

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தபடி, "அத்தை, இவரும் இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள் இளவேனி.

"சேச்சே, எம்பையனுக்குப் பேசவே தெரியாதும்மா."

அன்றைக்கு அந்தப் பந்தலடியில் அவிழ்த்துவிட்டதிலேயே பெரிய புளுகு அதுதான் என்பது கல்யாணமான மறுநாள் காலையில் இளவேனிக்குத் தெரிந்தது.