வாழைப்பழச் சோதனையும் கன்ட்ரோல் தவசியும்

கல்லூரியின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல் என்று ஒரு பாடம் உண்டு. அதைச் சும்மா படித்தால் போதாது, எழுதி எழுதித்தான் படிக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. செல்லுக்குள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள், இனிமேல் அதை அழகாக எழுதவும் வேண்டுமாம். நல்லாயிருக்கட்டும்.

அந்தப் பிள்ளைகளில் தவசி, மரியசூசை, பிச்சைக்கனி, இசக்கி என்று நாலு பேர் ஒரே பெஞ்சு. இசக்கி மட்டும் பெண்பிள்ளை. மற்றபடி அறிவில் ஆண் பெண் வித்தியாசமெல்லாம் அந்த பெஞ்சில் கிடையாது, நாலும் சமம். யார் என்ன சொன்னாலும் அட்சரம் பிசகாமல் செய்வது அவர்களுடைய குணம். ஒருநாள் மேடம், "மைக்ராஸ்கோப்ல இருந்து கண்ணை எடுக்காம பாரு" என்று மரியசூசையிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டு, ஒரு கூட்டத்துக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவன் அப்படியே குனிந்திருந்தான். விளக்கே போடவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, இருட்டாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்றான்.

நாலு பேரில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவன் தவசிதான். இந்தப் பேப்பரில் அவன் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தான். அவனைப் படிக்க வைப்பது தாய்மாமா சுடலைமுத்து. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். இந்தத் தடவையும் போனால் மறுநாளே கடைக்கு வந்து டியூப் ஒட்டு என்று மாமா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல், கடையில் ஒரு ஸ்டூலையும் காலி செய்து வைத்துவிட்டார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஸ்டூல் தன்னையே பார்ப்பதாகத் தவசிக்குத் தோன்றும். பாவம், பையன் சரியாகத் தூங்குவதுகூட இல்லை.

பாடம் நடத்துகிறவர் ஞானசௌந்தரி மேடம். நல்லவர், கெட்டிக்காரர். அவர் செய்த ஒரே தப்பு, இந்த நாலு பேர் இருக்கும் வகுப்பில் விதிகளைச் சொன்னதுதான். நீங்கள் செய்ததை ஒன்று விடாமல் அப்படியே எழுத வேண்டும், படிக்கிறவன் அதே மாதிரி செய்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். கன்ட்ரோல் இல்லாத சோதனை குப்பைக்குச் சமம் என்றார். ஒரு தடவை வந்த முடிவு தற்செயல், மூன்று தடவை வந்தால்தான் அதை நம்பலாம் என்றும் சொல்லிவைத்தார். நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

அன்றைக்கு வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் சோதனை. ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழத்தைப் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் கலந்த தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஜில்லென்ற ஸ்பிரிட்டை மெதுவாக மேலே ஊற்றினால் வெள்ளை வெள்ளையாக நூல் எழும்பி வரும். லேப் சுவரில் இந்தச் செய்முறையைப் பெரிய எழுத்தில் ஒட்டியே வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் அதைப் படிக்கவில்லை. சுவரில் இருப்பதைப் படி என்று யாரும் சொல்லவில்லையே.

மேடம் பக்கத்தில் நின்று வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். இரண்டாவதாக ஒரு சோதனைக் குழாயும் வைக்கச் சொன்னார். அதில் உப்பு, சோப்பு, ஸ்பிரிட் எல்லாம் உண்டு, பழம் மட்டும் கிடையாது. அதில் நூல் வராமல் இருந்தால்தான், இதில் வந்த நூல் பழத்திலிருந்து வந்தது என்று நம்ப முடியும், அதற்குப் பேர்தான் கன்ட்ரோல் என்று விளக்கினார். தவசிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கும் ஒரு மரியாதை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

சோதனை நடந்த லட்சணத்தையும் கேளுங்கள். இசக்கிக்குப் பசி, பாதிப் பழத்தைத் தின்றுவிட்டு மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் போட்ட தோலில் பிச்சைக்கனி வழுக்கி, ஸ்டூலோடு மல்லாக்க விழுந்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எல்லாரும் நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் வந்து பார்த்தால், என்ன அதிசயமோ, குழாயில் வெள்ளை நூல் எழும்பி நிற்கிறது. கன்ட்ரோல் குழாயில் ஒன்றுமில்லை.

எல்லாரும் கை தட்டி முடித்ததும் மேடம் குண்டைப் போட்டார். பிள்ளைகள் எழுதித் தரும் சோதனை நோட்டுகளை அவர் படிக்கப் போவதில்லையாம். ஒவ்வொரு நோட்டையும் ஒரு ஜூனியர் குழுவிடம் கொடுத்து, அதை வைத்துச் சோதனை செய்யச் சொல்வாராம். நூல் வந்தால் நோட்டுக்காரர் பாஸ், வராவிட்டால் பெயில். எழுத்துப் பாடத்தில் எழுத்தைப் படிக்காமல் மார்க் போடுவது எவ்வளவு பெரிய முன்னேற்றம் பாருங்கள்.

அன்று சாயங்காலம் கேண்டீனில் நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள். இசக்கிதான் ஆரம்பித்தாள்.

"நாம எழுதிக் குடுத்துப் பாஸ் ஆயிட்டோம்னு வையி. எழுதினதுனாலதான் பாஸ் ஆனோம்னு எப்படித் தெரியும்?"

மூன்று பேரும் ஆடிப்போனார்கள். இவ்வளவு நாள் இது தோன்றவே இல்லையே.

"கன்ட்ரோல் வேணும்லே," என்றான் பிச்சைக்கனி.

மரியசூசை கண்ணை மூடி யோசித்தான். "ஒரு நோட்டு. அட்டை இருக்கணும், பேரு இருக்கணும், மார்ஜின் இருக்கணும், தலைப்பு இருக்கணும். எழுதினது மட்டும் இருக்கக் கூடாது."

யாருடைய நோட்டு என்ற கேள்வி வந்ததும் மூன்று பேரும் தவசியைப் பார்த்தார்கள். அவனுக்குத்தான் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நன்றாக எழுதுகிறவன் எழுதாமல் இருந்தால்தானே வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

"ஏலே, எங்க மாமா ஸ்டூலைத் துடைச்சு வச்சுக்கிட்டு நிக்காருலே," என்று தவசி அழாத குறையாகச் சொன்னான்.

"அறிவியலுக்காக அவனவன் என்னென்னமோ பண்ணிருக்கான்," என்றாள் இசக்கி. "நீ ஒரு நோட்டு எழுதாம இருக்க மாட்டியா?"

தவசி நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வீட்டுக்குப் போய் அட்டை போட்டான், பேர் எழுதினான், சிவப்பு மையில் மார்ஜின் போட்டான். தேவையானவை, செய்முறை, முடிவு என்று தலைப்புகளை எழுதி அடிக்கோடும் போட்டான். அதற்குக் கீழே எழுதக் கை துறுதுறுத்தது. கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்ற மூன்று பேரோ நடந்ததை ஒன்று விடாமல் எழுதித் தள்ளினார்கள்.

ஜூனியர் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் அதே துறையில் சேர்ந்தவர்கள்தானே, ஒரு வருஷத்தில் தேவையான பயிற்சி கிடைத்திருந்தது. பிச்சைக்கனி நோட்டை வாங்கிய குழுவில் ஒருவன் தோலைக் கீழே போட, இன்னொருவன் அதில் வழுக்கி, நோட்டில் சொன்னபடி ஸ்டூலோடு மல்லாக்க விழுந்தான். முழங்கை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனது, நோட்டில் இல்லாத விஷயம். மரியசூசை நோட்டில், "இப்போது கரண்ட் போகும், ஃபேனைப் பார்க்கவும்" என்று இருந்தது. அந்தக் குழு ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. வாரம் தவறாமல் போகிற கரண்ட் அன்றைக்கென்று போகவே இல்லை. பிசைந்த பழம் கறுத்து, ஈ மொய்த்ததுதான் மிச்சம்.

இசக்கி நோட்டுக்காரர்கள் பழத்தைத் தின்றுவிட்டு நேராக மேடம் அறைக்குப் போய் வரிசையாக நின்றார்கள். என்ன என்று மேடம் கேட்டார்.

"திட்டுங்க மேடம், அடுத்த வரி அதுதான்."

மேடம் திட்டினார், மனசாரத் திட்டினார். ஆனால் நோட்டில் இருந்த வார்த்தைகள் வேறு. அதனால் அவர்கள் நகராமல் அங்கேயே நின்றார்கள்.

தவசி நோட்டை வாங்கிய குழு பக்கம் பக்கமாகப் புரட்டியது. ஒன்றும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தால் சுவரில் செய்முறை. அதைப் படித்துச் செய்தார்கள். வெள்ளை நூல் பஞ்சு மாதிரி எழும்பி வந்தது.

விதி விதிதானே. ஞானசௌந்தரி மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு வெற்று நோட்டுக்குப் பாஸ் போட்டார். எழுதிய மூன்று பேரும் பெயில்.

தவசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் மாமாவிடம் சொன்னான். சுடலைமுத்து கண் கலங்கி, அந்த ஸ்டூலை எடுத்துக் கடைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார். கூட்டாளிகளுக்கும் பொறாமையே இல்லை. எழுதினால் பெயில், எழுதாவிட்டால் பாஸ் என்று இவ்வளவு தெளிவான முடிவு அந்தக் கல்லூரியில் இதுவரை வந்ததே இல்லை என்று பூரித்துப்போனார்கள்.

மறுநாள் மரியசூசைதான் மெதுவாக ஆரம்பித்தான். "ஆனா தவசி, இது ஒரு தடவைதானேலே."

தவசியின் முகம் செத்துப்போனது. ஒரு தடவை வந்தால் தற்செயல். மூன்று தடவை வந்தால்தான் நம்பலாம். மேடமே சொன்னது. நம்ப முடியாத பாஸை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பது? அன்று பூராவும் அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நேராக மேடம் அறைக்குப் போனான்.

"என்னைப் பெயில் போடுங்க மேடம். இன்னும் ரெண்டு தடவை பாஸ் ஆகணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுதிக் கொடு என்றார். தவசி உடனே கொடுத்தான். பெறுநர், பொருள், இப்படிக்கு, கையெழுத்து எல்லாம் இருந்தது, நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. மேடம் அதைத் திருப்பிப் பார்க்காமல் அவன் ஆசையை நிறைவேற்றி வைத்தார்.

சேதி சுடலைமுத்துவுக்குப் போனது. கவிழ்த்த ஸ்டூலை நிமிர்த்திப் போட்டார். வந்த முதல் வண்டி பால்காரர் சைக்கிள். தவசி டியூபை உருவினான், காற்றடித்தான், தண்ணீர்ச் சட்டியில் முக்கினான், குமிழி வந்த இடத்தைத் துடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பிறகு அப்படியே திரும்ப மாட்டி, காற்றடித்து அனுப்பினான். பையன் கை சுத்தம் என்று மாமா மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷப்படக்கூடச் செய்தார். தெருமுனை தாண்டுவதற்குள் பால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு திட்டியபடியே வந்தார்.

"ஒட்டுனியாலே?" என்றார் மாமா.

"ஒட்டலை மாமா, இது கன்ட்ரோல். ஒட்டாட்டி காத்து போகுதான்னு பார்க்கணும்லா."

மாமா தரையில் கிடந்த, டயர் கழற்றுகிற லீவர் கம்பியைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "போயிட்டுல்லா? இனி ஒட்டுலே."

"ஒரு தடவை போனா அது தற்செயல் மாமா," என்றான் தவசி. "இன்னும் ரெண்டு வண்டி போகட்டும்."