புலவர் சேர்த்த ஆறு வரிகள்

முன்னொரு காலத்தில் கருங்குள நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டான். அவனுக்குக் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. ஒருமுறை பாகற்காயை நாடு கடத்தினான். மூன்றாம் நாள் வருந்தித் திரும்ப அழைத்துக்கொண்டான்.

அவனுடைய கல்விச்சாலையில் ஆவுடையப்பர் தலைமைப் புலவர். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாக அவர் நடத்தி வந்தது ஏரிப்பாட்டு என்ற ஒரே பாட்டு. ஒரு பெண் 'வா, வா' என்று யாரையோ அழைக்கும் பாட்டு அது. பிரிந்துபோன காதலனை அழைக்கிறாள் என்று ஆவுடையப்பர் சொல்வார். அவருக்குக் கீழே இருந்த பதினோரு ஆசிரியர்களும் அதையே சொல்வார்கள். அதன் கடைசிக் கண்ணி பாதியில் நிற்கும். மீதியைக் கறையான் தின்றுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

மந்திரி நல்லையா வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பான். அந்தச் சிரிப்பில் தனக்கும் பங்கு வேண்டும் என்று ஆவுடையப்பருக்கு வெகுநாள் ஏக்கம். உட்கார்ந்து ஆறு வரி எழுதிக் கடைசிக் கண்ணியை நிரப்பினார். ராஜா மகிழ்ந்துபோய் அவர் கையில் பொன்காப்பு பூட்டினான். இனி நாட்டில் யாரும் அந்தப் பாட்டை முழுதாகத்தான் பாட வேண்டும், பாதியில் நிறுத்தினால் சிறை என்று ஆணையும் போட்டான்.

நான்கு மாதம் கழித்துக் காத்தாயி என்ற பெண் சபைக்கு வந்தாள். அவள் புருஷன் முத்திருளன் ஏரிக்குள் முழுகி, அடியிலுள்ள மதகுக் கல்லைத் தூக்கித் தண்ணீர் திறந்துவிடுகிறவன். அவன் முழுகியதும் கரையில் அவள் அந்த ஏரிப்பாட்டைப் பாடுவாள். பாட்டு நிற்கும்வரை யாரும் நீரில் இறங்கக் கூடாது. இறங்கினால் மதகின் இழுப்பில் எல்லோரும் போய்விடுவார்கள். நின்ற பிறகும் தலை தெரியவில்லையென்றால், இடுப்பில் கயிறு கட்டிய இருவர் குதிப்பார்கள். இதுதான் அவர்கள் வழக்கம்.

போன மாதம் பாட்டு முடிவதற்குள் முத்திருளன் செத்துப்போனான். அடுத்த வாரம் அவள் கொழுந்தன் முழுக வேண்டும்.

"அந்த ஆறு வரியை எடுத்துருங்க சாமி. வேற ஒண்ணும் வேணாம்."

ஆவுடையப்பருக்கு ஒரு கணம் சந்தேகம் தட்டியது. ஆனால் பதினோரு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது காதல் பாட்டு அம்மா. இலக்கணம் பார்த்து நிரப்பியிருக்கிறேன். துக்கத்தில் பேசுகிறாய்" என்றார். ராஜாவும் தலையசைத்தான்.

நல்லையா எழுந்தார். "புலவர் சொல்வதுதான் சரி மகாராஜா. ஆனால் இத்தனை அருமையான வரிகளை அவர் கேட்க வேண்டிய இடத்தில் இருந்து கேட்டதேயில்லை. ஒரு அண்டாவில் தண்ணீர் வரட்டும். புலவர் முகத்தை உள்ளே வைத்துக்கொள்ளட்டும். ஆசிரியர்கள் பாடட்டும்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. ஒரு பாட்டுதானே என்று ஆவுடையப்பர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார்.

முதல் கண்ணி சுகமாகப் போனது. இரண்டாவதில் காது அடைத்தது. மூன்றாவதில் நெஞ்சுக்குள் யாரோ இடிக்கத் தொடங்கினார்கள். பழைய பாட்டு நின்ற இடம் வந்தபோது அவர் உடம்பு முழுவதும் எழு எழு என்றது. ஆசிரியர்களோ அவர் கற்றுக்கொடுத்தபடி, இழுத்து நிறுத்தி, அவருடைய வரிகளை ஆரம்பித்தார்கள். எழுதும்போது எவ்வளவு சின்ன வரிகளாக இருந்தன. இரண்டாவது வரி முடிந்ததும் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்து, தரையில் விழுந்து இருமினார்.

சபை சிரித்தது. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

நல்லையா சிரிக்கவில்லை. "புலவர் கல் எதையும் தூக்கவில்லை. சும்மாதான் குனிந்திருந்தார். இன்னும் எத்தனை வரி பாக்கி?" என்று ஆசிரியர்களைக் கேட்டார்.

"நாலு."

"அந்த நாலையும் நான் பாடி முடிச்சேன் சாமி" என்றாள் காத்தாயி. "பக்கத்துல உங்க சேவகன் நின்னான். வேகமா பாடினேன். அப்படியும் நீளமாத்தான் இருந்தது."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ராஜா தன் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆணையைக் கிழித்தான். பிறகு, வழக்கம்போல் கோபம் வேறு பக்கம் திரும்ப, புலவருக்குத் தலையை மொட்டையடித்துக் கழுதையில் ஏற்றச் சொன்னான்.

"மகாராஜா, வரி புலவருடையது, ஆணை நம்முடையது. இரண்டு கழுதை வேண்டியிருக்கும்" என்றார் நல்லையா.

ராஜா கழுதை வேண்டாமென்று கையசைத்தான். பிறகு, அந்தத் துணிச்சலுக்காகத் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். நல்லையா வாங்கிக்கொண்டார், ஆனால் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஆவுடையப்பர் காப்பைக் கழற்றிக் கவிழ்ந்து கிடந்த அண்டாவின் மேல் வைத்தார். காத்தாயியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். ஏரிக்குப் பொழுதோடு போய்ச் சேர வேண்டும்.

அதன் பிறகும் அவர் அதே பாட்டைத்தான் நடத்தினார். தனக்கு அதில் என்ன தெரியும் என்ற கேள்வி கூடவே இருந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் கடைசிக் கண்ணி வரை படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, இதற்குப் பிறகு என்ன வரும்?"

"இதற்குப் பிறகு பாடக் கூடாது" என்றார் ஆவுடையப்பர். "குதிக்க வேண்டும்."