கை எட்டாத தூரம்

"என் பொண்ணு எல்லார்கிட்டயும் பேசுறா, டீச்சர். என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறா."

நட்டுவனார் திருமேனி இதைக் கையால் சொன்னார். ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

பாக்கியசீலி வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். கையால் பேசுகிறவளுக்கு வாய் ஊசி வைத்துக்கொள்ள மட்டும்தான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"நாலு மாசமா."

"நீங்க என்கிட்ட சைகை படிக்க வந்து எத்தனை நாள் ஆச்சு, மாஸ்டர்?"

"நாலு மாசம்."

அவள் தலையை ஆட்டினாள்.

இவர்கள் கையால் பேசியதை எல்லாம் நான் வாயால் பேசியது போலவே எழுதிக்கொண்டு போகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருமேனிக்கு வயது ஐம்பத்தொன்று. கும்பகோணத்தில் முப்பது வருஷமாக நடனம் சொல்லித் தருகிறவர். ஒரு மாணவியின் மோதிர விரல் நெல்லளவு விலகினாலும் தாளம் தட்டுகிற தட்டுக்கழியைக் கீழே வைத்துவிடுவார். எழுந்து போய், அந்த விரலைப் பிடித்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். அவரிடம் படித்த பெண்களுக்கு முகபாவம் எப்படியோ, கை மட்டும் படு சுத்தம் என்று ஊரில் பேச்சு. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிற மனிதர் அவர்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்தவள் தில்லைநாயகி. பிறவியிலேயே காது கேளாது. இப்போது ஐந்து வயது.

பாக்கியசீலி நடன உடை தைக்கிறவள். முப்பத்திரண்டு வயது. அவளுக்கும் காது கேளாது, அவள் கணவனுக்கும் கேளாது. பத்து வருஷமாகத் திருமேனி அவளிடம் துணியைக் கொடுத்து, நீளம், குட்டை, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று ஏதோ கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

டாக்டர்கள் எல்லாரும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன பிறகு, ஒரு நாள் துணி இல்லாமல் வந்து நின்றார்.

"எனக்கும் என் மகளுக்கும் உங்கள் பாஷையைச் சொல்லித் தர வேண்டும்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். கீழே இன்னொரு வரியும் எழுதினார். "எனக்கு ஒற்றைக்கை முத்திரை மட்டும் இருபத்தெட்டு தெரியும். சீக்கிரம் வந்துவிடும்."

இரண்டாவது வரியைப் படித்ததும் அவள் சிரித்தாள்.

அவர் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"பதினாலு நாள்தான் இருக்கு" என்றார் திருமேனி இப்போது. "ஒண்ணாம் தேதி அவளைத் திருச்சி பள்ளிக்கூடத்துல விடணும். ஹாஸ்டல். அதுக்குள்ள அவ என்கிட்ட உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசணும். இல்லேன்னா, அப்பான்னு ஒருத்தர் வீட்ல இருந்தாருன்னு மட்டும்தான் அவளுக்கு..."

அவருடைய கை பாதியில் நின்றுவிட்டது.

பாக்கியசீலி காத்திருந்தாள்.

"அவ அம்மாகிட்ட எப்படிப் பேசுறா தெரியுமா?" என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். இப்போது கொஞ்சம் கோபம் வந்திருந்தது. "சிவகாமிக்கு ஒரு சைகை ஒழுங்கா வராது. பாதி கை, பாதி கண்ணு, மீதி தோசைத் திருப்பி. நேத்து என்னமோ தப்பாச் சொல்லிட்டா, குழந்தை அடுப்படியில விழுந்து விழுந்து சிரிக்குது. ரெண்டு பேரும் மணிக்கணக்கா அப்படித்தான்."

"உங்ககிட்ட?"

"கூப்பிட்டா வர்றா. வந்து தள்ளி நிக்கிறா. கை எட்டாத தூரத்துல நிக்கிறா. கேட்டதுக்குத் தலையை ஆட்டிட்டு ஓடிடுறா."

"நீங்க எத்தனை சைகை படிச்சிருக்கீங்க?"

"அறுநூத்தி நாப்பது. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"தில்லை?"

"அவ எங்க படிச்சா? நாலு மாசமா உங்க வீட்டுக்காரரோட பொத்தான் வெச்சு விளையாடிட்டிருந்தா. அவளுக்கு எப்படி வந்துது? எனக்கு ஏன் வரலை?"

பாக்கியசீலி உத்தரத்தில் கட்டியிருந்த தூளியைக் காட்டினாள். அவள் மகன் ஆரோக்கியம் அதில் படுத்திருந்தான். பதினோரு மாதக் குழந்தை. அவனுக்கும் காது கேளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் கணவனும் அன்றைக்குக் கடையை மூடிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனார்கள். திருமேனிக்கு அது இன்று வரை விளங்காத விஷயம்.

"நாளைலேருந்து உங்களுக்குப் பாடம் கிடையாது" என்றாள். "அவனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருங்க."

"என்ன பார்க்கணும்?"

"அவன் கையை."

மறுநாள் திருமேனி நோட்டோடு வந்தார். அவள் நோட்டை வாங்கி, தையல் மிஷினுக்கு அடியில், ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

முதல் நாள் அவருக்குத் தூக்கம்தான் வந்தது.

இரண்டாம் நாள் குழந்தை மல்லாக்கப் படுத்து, தன் விரல்களை முகத்துக்கு நேரே தூக்கி, மடக்கி, விரித்து, திருகி, வெகு நேரம் என்னவோ செய்துகொண்டிருந்தான்.

"விளையாடுறான்" என்றார் திருமேனி.

"பேசுறான்" என்றாள் அவள்.

"என்ன பேசுறான்?"

"எனக்கென்ன தெரியும்? வாயால பேசுற குழந்தைங்க எடுத்த உடனே அர்த்தமாவா பேசுது?"

மூன்றாம் நாள் அவர் இன்னொன்றைக் கவனித்தார். குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை. அவன் ஒரு நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவள் கையை அந்த நூல்கண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அங்கே வைத்துச் சொல்வாள். இல்லாவிட்டால் அவன் நிமிரும்வரை இருப்பாள். ஒரு முறை அப்படிக் காத்திருந்ததில் ஒரு ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியே தைத்து முடிந்துவிட்டது.

"கூப்பிட்டா என்ன?" என்று கேட்டார்.

"அவன் அதைப் பார்த்து முடிக்கட்டும்."

திருமேனிக்கு இதெல்லாம் குழந்தைக்கு இடம் கொடுத்துக் கெடுக்கிற காரியமாகப் பட்டது. வயதில் சின்னவளானாலும் குரு ஸ்தானத்தில் இருக்கிறாள் என்று பேசாமல் இருந்தார்.

நான்காம் நாள் அது நடந்தது.

ஆரோக்கியம் பாய் மேல் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்து ஒரு விரலை மடக்கி மடக்கி ஆட்டினான். பால் கேட்கிறான். அந்த வீட்டில் பாலுக்கு ஐந்து விரலையும் சேர்த்து மூடித் திறக்க வேண்டும். அவன் சுட்டு விரலோடு நிறுத்திக்கொண்டான்.

"பாலா?" என்று அவள் ஐந்து விரலாலும் பெரிதாக, மெதுவாகக் கேட்டாள். "இரு, கொண்டு வர்றேன்." உள்ளே போனாள்.

அவ்வளவுதானா? திருமேனிக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம். எழுந்து வந்து குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தார். அவன் மறுபடி விரலை ஆட்டினான். அவர் அந்தக் கையைப் பிடித்தார். மடங்காமல் நின்ற நான்கு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினார்.

குழந்தை தன் கையைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். கையை இழுத்தான்.

அவர் விடவில்லை. இன்னும் கட்டை விரல் சரியாக உட்காரவில்லை.

குழந்தை இன்னொரு கையை நீட்டினான். அதிலும் அதே தப்பு.

அவர் அதையும் பிடித்தார்.

ஆரோக்கியம் வாயைத் திறந்து வீறிட்டான். முகம் சிவந்து, மூச்சு அடைத்து, கால் இரண்டையும் உதறி அழுதான். அவன் அம்மாவுக்கு அது கேட்காது. ஆனால் அளவு பார்க்கிற பெரிய கண்ணாடி உள்ளறைக்கு நேராக மாட்டியிருந்தது. அதில் அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, தூளியில் விடும்வரை திருமேனியின் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணீங்க, மாஸ்டர்?"

"விரல் தப்பா இருந்துது. திருத்தினேன்."

"தில்லைக்கும் இப்படித் திருத்துவீங்களா?"

"பின்ன? இந்த வயசுல திருத்தலேன்னா அப்புறம் எப்ப திருத்துறது?"

"எத்தனை தடவை?"

"ஒரு தடவைகூட விட்டதில்ல. தப்பா வந்தா உடனே பிடிச்சிடுவேன்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.



"வாயால ஒரு ஜதி சொல்லுங்க" என்றாள்.

"உங்களுக்குத்தான் கேட்காதே."

"பார்க்குறேன். சொல்லுங்க."

ஜதி சொல்லச் சொன்னால் திருமேனிக்கு எப்போதும் சந்தோஷம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "தா தெய் தெய் தத்..."

பத்து வருஷப் பழக்கத்தில் ஒரு நாளும் அவரைத் தொடாதவள், எட்டி அவர் உதடு இரண்டையும் விரலால் பிடித்தாள். கொஞ்சம் வலப் பக்கம் நகர்த்தினாள். விட்டாள். சொல்லுங்கள் என்று தலையசைத்தாள்.

அவர் திகைத்துப் போனார். சரி, ஏதோ பாடம் என்று நினைத்து மறுபடி ஆரம்பித்தார். "தா தெய்..."

மறுபடி பிடித்தாள். கீழ் உதட்டைக் குவித்து வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. ரவிக்கையில் ஊக்கு வைக்கிற கவனம்தான் இருந்தது. விட்டாள். சொல்லுங்கள் என்றாள்.

"தா..."

பிடித்தாள். இந்தத் தடவை விடவில்லை. மேல் உதட்டின் ஓரத்தைச் சரி செய்தாள், கீழ் உதட்டின் நடுவைச் சரி செய்தாள், தள்ளி நின்று பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்தியில்லாமல் மறுபடி சரி செய்தாள். திருமேனிக்கு மூச்சு முட்டியது. ஐம்பத்தொரு வயது மனிதர், ஊரே மாஸ்டர் மாஸ்டர் என்று கும்பிடுகிற மனிதர், ஒரு தையல்கடையில் வாய் அடைபட்டு உட்கார்ந்திருந்தார். அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையைத் தட்டிவிட்டார்.

"பேச விடும்மா என்னை!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

திருமேனி இன்னும் ஏதோ கத்துவதற்காக வாயைத் திறந்தார்.

அவர் பார்வை கீழே இறங்கியது. பாயில் அவருடைய இரண்டு கைகள் கிடந்தன. சுத்தமான கைகள். அவருக்கு அவற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நாலு மாசமா" என்றார். கையால் சொன்னாரா வாயால் சொன்னாரா என்று அவருக்கே நினைவில்லை. "டீச்சர், நாலு மாசமா நான்..."

வாய்விட்டு அழுதார்.

பாக்கியசீலி குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, மிஷின் பக்கம் திரும்பினாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சிவகாமி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் அவரைக் கண்டதும், "குழந்தை கூடத்துல இருக்கு மாஸ்டர், நான் கிளம்புறேன்" என்று போய்விட்டாள்.

தில்லை தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய வட்டமாக ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தாள். இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

அவர் கூப்பிடவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று யோசித்தார். அறுநூற்று நாற்பதில் ஒன்றும் உதவாது என்று தெரிந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தில்லை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மறுபடி வரையப் போனாள். வட்டத்துக்கு இரண்டு காது வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அப்பா அப்படியே இருந்தார்.

இன்னொரு கோடு. மறுபடி பார்த்தாள்.

சுண்ணாம்புக் கட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். குனிந்து அவர் தொடைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். கைகள் அங்கேதான் இருந்தன. இன்னும் ஓர் அடி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அழுத கண் சிவந்திருந்தது.

"கை வலிக்குதா?" என்று கேட்டாள்.

'வலி' என்பதில் இரண்டு விரல் தப்பு.

அவர் கை தொடைக்கு அடியில் துடித்தது. அழுத்தி உட்கார்ந்துகொண்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"ரொம்பவா?"

ஆட்டினார்.

தில்லை யோசித்தாள். பிறகு வந்து, அவர் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கிற மாதிரி, நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நீ சும்மா இருப்பா" என்றாள். "நான் பேசுறேன்."