தடி டயர் செங்கோடன் கை காட்டுன கதை

கொல்லிமலைக் காட்டுப் பாதையில மவுண்டன் பைக் சைக்கிள் ஓட்டுற செங்கோடனுக்கு ஒரே ஆசை, ஞாயித்துக்கிழமை வர்ற மெல்லிசு டயர் ரோடு சைக்கிள் கிளப்போட சேர்ந்து போகணும். கிளப் தலைவர் வக்கீல் தண்டபாணி அவன் தடி டயரைப் பார்த்துச் சிரிச்சார்.

"டிராக்டரெல்லாம் சேர்க்கிறதில்ல தம்பி. சரி, முன்னாடி போ. குழி வந்தா பின்னாடி வர்றவனுக்குக் கை காட்டணும், அதான் எங்க மரியாதை. ஒரு குழியைக் காட்டாம விட்டாலும் கிளப்பை விட்டுக் கிளம்பிடணும்."

மழையில ரோடு சல்லடையாக் கிடந்துச்சு. எல்லாத்துக்கும் கை காட்டினா ஹேண்டில்பாரை யார் பிடிக்கிறது?

"குழி இல்லாத இடத்துக்குக் கை காட்டுறேன் சார். காட்டாத இடமெல்லாம் குழின்னு வச்சுக்குங்க."

கிளப்பே சிரிச்சுது. தண்டபாணியால மறுக்க முடியல.

செங்கோடன் ஒரு தடவைகூட கையைத் தூக்கல. ஆனா இருபது வருசப் பழக்கம் விடுமா? முன்னாடி கை அசையலேன்னா ரோடு நல்லாருக்குன்னு தண்டபாணி கால் நினைச்சுக்கிச்சு. மூணாவது வளைவுல அழுத்தி மிதிச்சார். மெல்லிசு சக்கரம் குழிக்குள்ள போச்சு, தோள் எலும்பு முறிஞ்சுது.

ஜீப்புல ஏத்தும்போது சொன்னார்: "நீ சொல்லிட்டுத்தான் போனே தம்பி. தப்பு என் மேல. அடுத்த வாரம் இவங்களோட வா."

தன் வாய் சாமர்த்தியம்தான் அவர் தோளை முறிச்சுதுன்னு உறுத்த, செங்கோடன் அவரோட வளைஞ்ச சைக்கிளை ஜீப்புல தூக்கி வச்சான்.

அடுத்த ஞாயிறு கிளப் அடிவாரத்துல அவனுக்காக அரை மணி நேரம் நின்னுச்சு. அவன் காட்டுப் பாதையிலேயே போயிட்டான்.