பீரோவுக்குள் பூட்டிய பெட்டி

சொரிமுத்துவுக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் அளந்து ஊற்றிய பாலை வீட்டுக்குள் கொண்டுபோய் மறுபடி அளப்பார். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கரண்ட் நின்றுவிட்டது என்று பத்துப் பேர் சொன்னாலும் தானே சோதித்துப் பார்க்காமல் கம்பியைத் தொட்டதில்லை. அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்பார். அதில் பொய் இல்லை.

அவர் நம்பிய ஒரே ஆள் அம்மை. குற்றாலத்து மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் தனியாக இருக்கும் துறவி. சொரிமுத்துவைவிடப் பதினெட்டு வயது சின்னவர். உபதேசம் என்று ஒன்றும் செய்யமாட்டார். கேள்வி கேட்பார், சில நேரம் எதையாவது செய்து காட்டச் சொல்வார். சீடர் வயதில் மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சொரிமுத்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹேண்டிலைப் பூட்டினார். சக்கரத்துக்கு ஒரு சங்கிலியும் போட்டார். சுற்று வட்டாரத்தில் ஈ காக்கை கிடையாது. ஆனாலும் வண்டி கண்ணில் படுகிற மாதிரிதான் உட்கார்ந்தார்.

"அம்மா, எங்க வீட்ல ஒரு கள்ளி இருக்கா."

"யாரு?"

"மருமவ. ஆவுடைச்செல்வி."

"எதை எடுத்தா?"

"எங்க வீட்டுக்காரி குரலை."

அம்மை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

சொரிமுத்துவின் மனைவி காந்திமதி இறந்து இரண்டு வருடம். அவளுக்குப் போனில் எழுத்தடிப்பது பிடிக்காது. எதற்கெடுத்தாலும் பேசிப் பதிந்து அனுப்பிவிடுவாள். மோட்டாரை நிறுத்தினீங்களா, வரும்போது கறிவேப்பிலை வாங்குங்க, மாத்திரை போட்டாச்சா, இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் போன பிறகு அவற்றைக் கேட்டுத்தான் அவருக்குப் பொழுது விடிந்தது.

போன் தொலைந்தால் எல்லாம் போச்சே என்ற பயத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கினார். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். வீட்டு வைஃபையில் அதைச் சேர்த்து, போனுக்கும் பெட்டிக்கும் இணைப்புக் கொடுத்தார். போனில் இருப்பது தானாகவே பெட்டிக்கும் போய்விடும். வெளியூரிலிருந்தும் போன் வழியாகப் பெட்டிக்குள் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தபோதுதான், பெட்டியில் குரல்கள் குறைவது தெரிந்தது.

"முதல்ல மகன் செண்பகராமனைத்தான் சந்தேகப்பட்டேன். பெட்டியைத் திறக்கிறவங்க பட்டியல்லேர்ந்து அவன் பேரை எடுத்தேன். அப்பவும் போச்சு. மருமவ பேரை எடுத்தேன். அப்பவும் போச்சு. அழிச்சதைத் திரும்ப எடுக்க ஒரு குப்பைத்தொட்டி வசதி இருந்துச்சு. அதைக் கிளறிருவாளேன்னு அதையும் நிறுத்திட்டேன். இப்போ பெட்டியை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டி, பீரோ முதுகுல ஓட்டை போட்டு வயரை விட்டிருக்கேன்."

"இப்போ யாரால திறக்க முடியும்?"

"என்னால மட்டும்தான்."

"அப்பவும் போகுதா?"

"முன்னைவிட வேகமாப் போகுதும்மா."

அம்மைக்கு இந்தப் பெட்டி சமாசாரமெல்லாம் தெரியாது.

"அழிச்சது யாருன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாதா?"

"தெரியும். பேரும் போட்டிருக்கு."

"யாரு பேரு?"

சொரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "என் பேரு. எப்பேர்ப்பட்ட கைகாரி பாத்தீயளா? என் பேர்லயே வந்து அழிச்சிட்டுப் போறா."

அம்மை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சொரிமுத்து அன்றோடு அவரையும் சந்தேகப்பட ஆரம்பித்திருப்பார்.

"ரெண்டு பேரையும் வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் சொரிமுத்து. "மகன் ஒரு வார்த்தை பேசலை. அவ அழுதா. அழுதா நம்பிருவனா? போறதுக்கு முன்னாடி அவ வாயால ஒத்துக்கிடணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா."

"சொல்லுதேன். ஒரு குரல் பெட்டிக்குள்ள போனதும் நீங்க என்ன செய்வீய?"

"போன்ல இருக்கிறதை அழிச்சிருவேன். போன் எவன் கையிலயாவது சிக்கினா என்ன ஆகும்?"

"பெட்டியில வந்துட்டுதான்னு பாத்துட்டுத்தானே?"

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாப்பேன். பாத்துட்டுத்தான் அழிப்பேன்."

"அழிச்ச பிறகு?"

"பிறகு பாக்க என்ன இருக்கு?"

அம்மை அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "என் குரலை ஒண்ணு போன்ல பிடிங்க."

சொரிமுத்து போனை நீட்டினார். "மதியத்துக்கு மேல மழை வரும்போல இருக்கு" என்று அம்மை சொன்னார். ஒரு நிமிடத்தில் அது பெட்டிக்குள் வந்துவிட்டது. சொரிமுத்து பெருமையாகக் காட்டினார்.

"இனி போன்ல இருக்கிறதை அழிங்க."

அழித்தார்.

"பெட்டியைப் பாருங்க."

பார்த்தார். இல்லை.

சொரிமுத்து சடாரென்று எழுந்து வாசலைப் பார்த்தார். அங்கே ஸ்கூட்டர் மட்டும் நின்றது. "பாத்தீயளா! நான் இங்க வந்தது தெரிஞ்சு அங்கேயிருந்து அழிக்கா!"

"இன்னொரு தடவை பிடிங்க" என்றார் அம்மை.

மழையைப் பற்றி மறுபடியும் சொன்னார். மறுபடியும் பெட்டிக்குப் போனது. போனில் அழித்ததும் பெட்டியிலும் காணவில்லை. இந்தத் தடவை சொரிமுத்து எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையும் பெட்டிக்குள் போனது. அழித்தார். பெட்டியில் அம்மையின் குரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெதிரே அது மறைந்தது. யார் அழித்தது என்ற குறிப்பில் அவர் பெயர் விழுந்தது.

போனில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் எப்போதும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்று, பெட்டி வாங்கிய அன்றைக்கு அவரேதான் அமைத்து வைத்தார். அதுதான் பத்திரம் என்று அவருக்குத் தோன்றியது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்று தோன்றவில்லை. போகிறதே போகிறதே என்று பயந்து, மிச்சமிருந்தது பெட்டிக்குள் வந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்து, இன்னும் வேகமாகப் போனில் அழித்தார். காந்திமதியின் நூற்றெண்பது குரல்களை அவர் கைதான் அழித்திருந்தது. குப்பைத்தொட்டியும் இல்லை. இனி எங்கே தேட?

போனை வேட்டி மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அதைத் தொடவே பயமாக இருந்தது.

"அவ அழுதாம்மா" என்றார்.

அம்மை போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

சொரிமுத்து திரையைப் பார்த்து, "இன்னும் முப்பத்திரண்டு இருக்கு" என்றார். "இதையாவது காப்பாத்தணும். பெட்டி வித்த கடைக்காரன் அன்னைக்கே சொன்னான், இது ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, தனியா ஒரு டிஸ்க்ல நகல் எடுத்து வேற வீட்டுல வைங்கன்னு. இன்னொரு டிஸ்க் விக்கத்தான் சொல்லுதான்னு நினைச்சேன்."

"இப்போ வைக்கலாமே."

"வேற வீடுன்னா அங்க ஒரு ஆள் இருப்பாங்கல்லா. அவங்களை நம்பணும்லா. எனக்கு அப்படி வேற வீடு ஏதும்மா?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒண்ணு இருக்குமே, அண்ணாச்சி."

சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். மூக்கை உறிஞ்சினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நேரா வீட்டுக்குப் போறேன். போக வேண்டாம்னு சொல்லுதேன். கால்ல விழுந்தாலும் சரி. அவ அம்மா வீடு பாவூர்சத்திரத்துல இருக்கு. ஒரு நகலை அவகிட்டக் குடுத்து அங்க வைக்கச் சொல்லுதேன்." துண்டைத் தோளில் போட்டார். "குடுத்தா வாங்கிக்கிடுவாளாம்மா?"

"தெரியலை. நான் அவளா இருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பேன்."

"என்ன கேப்பீய?"

"மாமா, நாளைக்கு இதுல ஒண்ணு குறைஞ்சா, முதல்ல யாரைச் சந்தேகப்படுவீய?"

சொரிமுத்து தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.